கார்டிசெப்ஸும் ரெய்ஷியும்: ஒரு சொட்டு அயோடின் போட்ட பிறகு

மாடி வீட்டுத் தம்பி நேற்று கேட்டான்: "அக்கா, நீங்க ரொம்ப நாளா இந்த மருந்துக் காளான் எடுத்துக்கிறீங்களே, இமயமலைக் காட்டுல எடுத்ததை வாங்கவா, லேப்ல வளர்த்ததை வாங்கவா?" படிக்கட்டில் நின்றபடி சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

களைப்புக்கு நான் எடுக்கும் கார்டிசெப்ஸ் காளானில் காட்டுச் சரக்கு என்றால் கீடா ஜடிதான். மண்ணுக்குள் இருக்கும் அந்துப்பூச்சிப் புழுவைப் பூஞ்சை தின்று தீர்த்து, அதன் தலையிலிருந்து குச்சியாக முளைக்கும். உத்தராகண்டின் பித்தோராகட் பக்கம், 3000 மீட்டருக்கு மேலே, பனி உருகும் மே, ஜூனில் புல்லோடு புல்லாகத் தவழ்ந்து தேடி எடுக்கிறார்கள். கிலோ பல லட்சம். அண்ணன் கொஞ்சம் கொண்டுவந்து தந்ததைப் பாலில் போட்டுக் குடித்தேன். மண் வாசனையும் லேசான கவுச்சியும். காட்டில் கிடைத்தது என்பதாலேயே சுத்தம் என்று நம்ப வேண்டாம். 2016-இல் சீன அரசே இதைச் சோதித்து, கிலோவுக்கு 4.4 முதல் 9.9 மில்லிகிராம் வரை ஆர்சனிக் இருப்பதாக எச்சரித்தது. அங்கே ஆரோக்கிய உணவுக்கு வரம்பு 1 மில்லிகிராம். போதாததற்கு, அளவுக்கு மீறி எடுத்ததில் 2020-இல் அழியும் ஆபத்துள்ள இனங்களின் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது.

லேபில் வளர்வது வேறு இனம்: கார்டிசெப்ஸ் மிலிட்டாரிஸ். குளிரூட்டிய அறையில், பாட்டிலுக்குள் அவித்த அரிசியின் மேல், ஆரஞ்சு நிறக் குச்சிகளாக நிற்கும். மருந்துக் குணத்துக்காகப் பலரும் பேசும் கார்டிசெபின் என்ற பொருளை முதன்முதலில் பிரித்தெடுத்தது இதிலிருந்துதான், 1950-இல். காட்டுக் காளானில் அது மிகக் குறைவு. உலர்ந்த குச்சிகளைக் கொதிக்கவிட்டால் தண்ணீர் பளிச்சென்று மஞ்சளாகும். மிளகு ரசத்தில் நாலு குச்சி போட்டுப் பாருங்கள், அந்த மணத்துக்காகவே திரும்ப வாங்கத் தோன்றும். ஐப்பசி மழையில் நமத்துப் போகும், காற்றுப் புகாத பாட்டில் கட்டாயம். களைப்பு குறைந்ததா என்றால், கொஞ்சம் குறைந்த மாதிரிதான் இருக்கிறது. தினமும் பெசன்ட் நகர் கடற்கரையில் நடப்பதும் அதற்குக் காரணமாக இருக்கலாம்.

இனி என் வயிற்றெரிச்சல். தூக்கத்துக்காக ரெய்ஷி என்ற இன்னொரு மருந்துக் காளானின் காப்ஸ்யூலும் வாங்கி வந்தேன், அதுவும் லேப் சரக்கு. ரெய்ஷி என்றால் நாக்கு சுருங்கும் கசப்பு இருக்க வேண்டும்; அதிலுள்ள டிரைடெர்பீன்களின் வேலை அது. காப்ஸ்யூலைப் பிரித்து நாக்கில் வைத்தேன். அரிசி மாவு மாதிரி சப்பென்று இருந்தது. வெந்நீரில் கரைத்து, நன்றாக ஆறவிட்டு (சூட்டில் நிறம் வராது), காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தில் ஒரு சொட்டு விட்டேன். கருநீலம்! உள்ளே மாவுச்சத்து இருக்கிறது. ஆரஞ்சுக் குச்சி வேகவைத்த தண்ணீரிலும் விட்டுப் பார்த்தேன், பழுப்பாகவே நின்றது.

நடப்பது இதுதான்: தானியத்தில் பூஞ்சை இழையைப் பரவவிட்டு, காளான் முளைக்கும் முன்பே தானியத்தோடு சேர்த்து அரைத்துவிடுகிறார்கள். டப்பாவில் 'பாலிசாக்கரைடு' (பல சர்க்கரைகள் சங்கிலியாகச் சேர்ந்த பொருள்) என்று பெரிதாகப் போடுகிறார்கள். மாவுச்சத்தும் பாலிசாக்கரைடுதானே! சொல்ல வேண்டியது காளானின் செல் சுவரில் இருக்கும் பாலிசாக்கரைடான பீட்டா குளூக்கானின் அளவு. அமெரிக்கச் சந்தையில் வாங்கிய 19 ரெய்ஷி பொருட்களைச் சோதித்து 2017-இல் வெளியான ஆய்வில், 5 மட்டுமே லேபிளில் சொன்ன சரக்காக இருந்தன. நேர்மையாக அந்த அளவை அச்சிடுகிறவர்களும் இருக்கிறார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் ரெய்ஷி பக்கம் போகவே கூடாது.

சரி, என்ன வாங்கலாம்? காட்டுச் சரக்கு வேண்டாம். லேப் கார்டிசெப்ஸ் அருமையான பொருள், விலையும் கட்டுப்படியாகும். ஆனாலும் இன்றைக்கு யாரையும் 'வாங்கு' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பீட்டா குளூக்கான் எவ்வளவு, மாவுச்சத்து எவ்வளவு என்று இரண்டையும் டப்பாவில் போடாத வரை, காப்ஸ்யூல் விற்கிற யாருக்கும் என் காசு ஒரு பைசா கிடையாது.