விக்சியோனேர் வினை அட்டவணை: நாலு வருடப் பழக்கம்

முதல் ஆறு மாதம் பிரெஞ்சு வினைச்சொற்களைக் கண்ணால்தான் படித்தேன். 'பேசு' என்ற வினையின் ஆறு வடிவத்தையும் எழுத்துக்கூட்டி மனப்பாடம் செய்துவிட்டு, வகுப்பில் 'அவர்கள் பேசுகிறார்கள்' என்பதை 'இல் பார்லென்ட்' என்று கணீரென்று சொன்னேன். டீச்சர் சிரிக்கக்கூட இல்லை. அது இன்னும் மோசம்.

அப்புறம்தான் பிரெஞ்சு விக்சனரியான விக்சியோனேர் என்ற இணைய அகராதியின் பக்கம் போனேன். அதில் வினைக்கு ஒரு அட்டவணை உண்டு. ஒவ்வொரு வடிவத்துக்கும் பக்கத்திலேயே உச்சரிப்புக் குறி, அசைக்கு அசை நடுவே ஒரு புள்ளி. காசு கிடையாது. குறிகள் பழக இரண்டு வாரம் ஆனது. நாலு வருடமாக முதலில் அந்தப் புள்ளிகளைத்தான் பார்க்கிறேன், எழுத்து பிறகு.

நான், நீ, அவன், அவர்கள் நாலு பேருக்கும் ஒரே 'பார்ல்', ஒரே அசை. 'நாம்' வந்தால் 'பார்-லோன்', 'நீங்கள்' வந்தால் 'பார்-லே'. ஆறு வடிவம், காதுக்கு மூன்றே ஒலி.

எனக்குக் கண் திறந்தது 'அழை' என்ற வினையில். எழுத்தில் மூன்று அசை போலத் தெரியும். பேச்சில் நடுவிலுள்ள மங்கலான 'எ' விழுந்து 'ஆ-ப்லே' ஆகிவிடும். 'நான் அழைக்கிறேன்' என்றால் 'ஜா-பெல்'. கடைசி எழுத்து ஒலிக்காததால் 'ல்' முந்தைய அசையில் ஒட்டி அதை மூடிவிடுகிறது. மூடிய அசையில் மங்கல் 'எ' நிற்காது, முழு 'எ' ஆகும். எழுத்தில் 'எல்' இரட்டிப்பது அதற்குத்தான். 'வாங்கு' வினையில் இதே வேலையை மேலே போடும் சாய்கோடு செய்கிறது: 'ஆஷ்-தே', ஆனால் 'ஜா-ஷெத்'. விதிவிலக்கு என்று நோட்டில் நிரப்பியிருந்த அரைப் பக்கத்தை அன்றே அடித்துவிட்டேன். 1990 எழுத்துச் சீர்திருத்தம் 'விட்டுக்கொடு' வினையின் எதிர்காலத்தில் சாய்கோட்டின் திசையை மாற்ற இடம் தந்ததும் இதே காரணத்தால்தான்: வாய் ஏற்கெனவே 'செத்-ரே' என்று அசையை மூடிச் சொல்லிக்கொண்டிருந்தது.

'செய்கிறோம்' என்பதில் மட்டும் உஷார். எழுத்தைப் பார்த்தால் 'ஃபே' என்று வாய் போகும், சொல்வதோ 'ஃபெ-ஸோன்', அதுவும் மங்கலான 'எ'.

'அவனிடம் இருக்கிறது' என்பதில் 'இல்', 'ஆ' சேர்ந்து 'இ-லா' ஆவதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம், பாலாறு தெரிந்தால் போதும். ஆனால் 'இல்-ஸோன்' என்றால் 'அவர்களிடம் இருக்கிறது', 'இல்-சோன்' என்றால் 'அவர்கள் இருக்கிறார்கள்'. வண்டு மாதிரி ரீங்கரிக்கும் அந்த 'ஸ' ஒன்றுதான் வித்தியாசம். எனக்கு இன்றும் அவசரத்தில் சறுக்கும்.

குறை? அட்டவணை தருவது நிதானமான உச்சரிப்பு. தெருவில் 'நான் இருக்கிறேன்' எனும் 'ஜ ஸ்வி' என்பது 'ஷ்வி' என்று சுருங்கிப் பறக்கும், அதைக் கேட்டுத்தான் பழக வேண்டும். இன்னொன்று என் பக்கத்துக் குறை. காதை நம்பி நம்பி, எழுதும்போது ஒலிக்காத கடைசி எழுத்துகளை விழுங்கிவிடுகிறேன். போன வாரம் அனுப்பிய செய்தியில் 'அவர்கள் பேசுகிறார்கள்' மறுபடி தப்பு. இந்த முறை 'என்', 'டி' இரண்டும் இல்லை.