இஸ்ரேலில் குடியேறும் மதப்பற்றுள்ள யூதக் குடும்பத்துக்கு எந்த ஊர்? பெய்ட் ஷெமெஷ், எஃப்ராட், ரானானா, மோதியின்

யூதராகப் பிறந்தவர் இஸ்ரேலுக்குள் குடியேறுவது ஒன்றும் கடினமில்லை. அந்த உரிமையை 1950ஆம் ஆண்டுச் சட்டமே கொடுத்துவிட்டது. வந்திறங்கியதும் முதல் சில மாதங்களுக்கு அரசு கையில் பணம் தருகிறது, இலவசமாக ஹீப்ரு சொல்லிக்கொடுக்கிறது, வட அமெரிக்காவிலிருந்து வருகிறவர்களுக்கு நெஃபெஷ் பெநெஃபெஷ் என்ற அமைப்பு 2002 முதல் காகித வேலைகளில் கூடவே நின்று உதவுகிறது. இதெல்லாம் முடிந்த பிறகு வருகிறதே, எந்த ஊரில் வீடு பார்ப்பது என்ற கேள்வி, அதில்தான் பல குடும்பங்கள் தடுமாறுகின்றன.

வாராந்தர ஓய்வுநாளான சபாத்தில் வண்டி ஓட்டக் கூடாது, ஆகவே ஜெப ஆலயம் நடந்துபோகும் தூரத்தில் இருக்க வேண்டும். நியூயார்க்கிலோ லண்டனிலோ வீடு தேடும்போது இதுதான் முதல் கணக்கு. இஸ்ரேலில் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. ஜெப ஆலயமும் மதவிதிப்படியான கோஷர் உணவுக் கடையும் எங்கும் உண்டு, சபாத் அன்று குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுபோக மதவிதி இடம்தரும் எரூவ் என்ற அடையாள எல்லையும் ஏறக்குறைய எல்லா யூத ஊர்களிலும் கட்டப்பட்டிருக்கிறது. அங்கே முதலில் பார்க்க வேண்டியது பள்ளிக்கூடம். அரசுப் பள்ளி, அரசு மதப்பள்ளி, ஹரேதி என்னும் தீவிர மரபுவாதிகளின் பள்ளி என்று தனித்தனிப் பாதைகள். பிள்ளையை எதில் சேர்க்கிறீர்களோ அதை வைத்துத்தான் அக்கம்பக்கம் உங்களை எடைபோடும். பதினெட்டு வயதில் அவன் ராணுவத்துக்குப் போவானா யெஷிவா என்ற மதக் கல்விக்கூடத்தில் தொடர்வானா என்பதும் அநேகமாக அங்கேயே முடிவாகிவிடுகிறது. ஹரேதி இளைஞர்களையும் படைக்கு அழைக்க வேண்டும் என்று 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு இது இன்னும் சூடான விஷயம்.

பெய்ட் ஷெமெஷிலிருந்து தொடங்குகிறேன். தமிழ் விவிலியத்தில் பெத்ஷிமேஸ் என்று வரும் ஊரின் பெயரைத் தாங்கி நிற்கும் நகரம் இது, ஜெருசலேமுக்கு மேற்கே சுமார் 30 கிலோமீட்டர். 1950களில் ஏழைக் குடியேறிகளின் கூடார முகாமாக இருந்தது. 1990களில் ராமத் பெய்ட் ஷெமெஷ் என்ற புதிய பகுதி எழும்பியது, அதன் அலெஃப் பிரிவில் ஆங்கிலம் பேசுகிறவர்கள் கூட்டமாகக் குடியேறினார்கள். இதற்கு ஒரு காரணம் உண்டு. அமெரிக்காவில் ஒருவர் கறுப்புத் தொப்பி போட்டுக்கொண்டு, தினமும் தால்மூத் என்ற மதச்சட்ட நூலைப் படித்துக்கொண்டு, கூடவே கணக்காளராகவோ வழக்கறிஞராகவோ வேலை பார்ப்பது சகஜம். இஸ்ரேலிய ஹரேதி உலகில் அப்படிப்பட்டவருக்கு இடம் குறைவு. ஒன்று யூத வேதமான தோராவை முழுநேரமும் படிப்பது, இல்லையென்றால் தேசியவாத மதப்பிரிவான தாத்தி லெயுமி என்று இரண்டில் ஒன்றுக்குள் தள்ளப் பார்ப்பார்கள். நடுவில் நிற்கும் குடும்பத்துக்கு மூச்சுவிட இடம் தருவது அலெஃப் பிரிவுதான், இதை நான் மிகப் பெரிய வரமாகவே பார்க்கிறேன். ஆனால் பக்கத்திலேயே பெட் பிரிவில் கடும்போக்குக் குழுக்கள் இருக்கின்றன. 2011இல் ஒரு மதப்பள்ளிக்குப் போன சிறுமிகளை, உடை போதாது என்று சொல்லி வழிமறித்துத் திட்டித் துப்பினார்கள், நாடே கொதித்தது. பெண்கள் எப்படி உடுத்த வேண்டும் என்று தெருவில் மாட்டிய பலகைகளை எடுக்கச் சொல்லும் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2018இல் ஒரு பெண் மேயரானார், 2024இல் ஹரேதி வேட்பாளர் வென்றார். ஆக, வீடு பார்க்கும்போது ஊர்ப் பெயரை மட்டும் பார்த்தால் போதாது, தெருவையும் பார்க்க வேண்டும், அந்தத் தெரு பத்து வருடத்தில் எந்தப் பக்கம் சாயும் என்றும் கேட்க வேண்டும்.

எஃப்ராட் வேறு மாதிரி. 1983இல் ரப்பி, அதாவது யூத மதகுரு, ஷ்லோமோ ரிஸ்கின் நியூயார்க்கில் தன் சபையை விட்டு வந்து இங்கே ரப்பியானார், மதவிதியையும் நவீன வாழ்க்கையையும் சேர்த்துப் பிடிக்கும் அந்த அமெரிக்க நவீன ஆர்த்தடாக்ஸ் வாசனை இன்னும் போகவில்லை. பெண்கள் தோரா படிப்பதற்கு இங்கே உண்மையான மரியாதை, 2015இல் ஒரு பெண்ணையே ஊரின் ஆன்மிக வழிகாட்டியாக நியமித்தார்கள். நன்றாகப் படிக்கும் மகள் இருக்கிற குடும்பத்துக்கு இந்த நான்கு ஊர்களில் இதற்கு ஈடு இல்லை. சரி, அப்படியானால் ஏன் தயக்கம்? எஃப்ராட் இருப்பது மேற்குக் கரையில், 1967 போரில் பிடித்த நிலத்தில். உலக நாடுகளில் மிகப் பெரும்பாலானவை இதைச் சட்டவிரோதக் குடியேற்றம் என்கின்றன, 2024 ஜூலையில் சர்வதேச நீதிமன்றத்தின் ஆலோசனைக் கருத்தும் அதையே சொன்னது, இஸ்ரேல் அரசு மறுக்கிறது. 1948 போரில் அரபுப் படைகளிடம் வீழ்ந்த, அதே பகுதியின் கூஷ் எட்சியோன் யூதக் கிராமங்களின் நினைவு அங்கே போகிறவர்களுக்குப் பெரிது, அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் சுற்றிலும் உள்ள பாலஸ்தீனக் கிராமங்களில் இருப்பவர்களுக்கு அந்த நிலத்தைக் கட்டுப்படுத்தும் இஸ்ரேலின் தேர்தல்களில் வாக்குரிமையும் இல்லை, உங்களுக்கு உள்ள நடமாட்டச் சுதந்திரமும் இல்லை. பள்ளி எவ்வளவு நன்றாக இருந்தாலும் நான் அங்கே வீடு வாங்கச் சொல்ல மாட்டேன்.

ரானானாவைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. 1922இல் நியூயார்க் யூதர்கள் திரட்டிய பணத்தில் உருவான ஊர், டெல் அவிவுக்கு வடக்கே, மென்பொருள் வேலைகளுக்கு அருகில். தென்னாப்பிரிக்கர், பிரிட்டிஷார், பிரெஞ்சுக்காரர் நிறைய. மதப்பற்று உள்ளவரும் இல்லாதவரும் ஒரே கட்டடத்தில் சண்டையில்லாமல் வாழ்கிறார்கள். பணம் இருந்தால் சுகமான ஊர், இல்லையென்றால் வாடகையே ஆளை விழுங்கிவிடும்.

என் ஓட்டு மோதியினுக்கு. கட்டடக் கலைஞர் மோஷே சாஃப்டி திட்டமிட்ட நகரம், 1996இல்தான் முதல் குடும்பங்கள் வந்தன, ஜெருசலேமுக்கும் டெல் அவிவுக்கும் நடுவில், ரயிலும் உண்டு. கணவனுக்கு ஒரு நகரிலும் மனைவிக்கு இன்னொரு நகரிலும் வேலை கிடைத்தாலும் சமாளிக்கலாம். இன்னொரு காரணம், பலர் யோசிக்காதது: வளைகுடாப் போருக்குப் பிறகு 1990களின் தொடக்கத்தில் வந்த விதிப்படி, புதிய வீடுகளில் ஏவுகணை வெடிப்பின் அதிர்வையும் சிதறல்களையும் தாங்கும் கான்கிரீட் அறை கட்டாயம். மோதியின் முழுவதுமே அதற்குப் பின் எழுந்தது. ஜெருசலேமின் கட்டமோனிலோ பாகாவிலோ உள்ள அழகான பழைய கல்வீடுகள் பலவற்றில் அது கிடையாது. 2025 ஜூனில் ஈரான் ஏவுகணைகள் வந்த இரவுகளில், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடுவதும் பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவதும் ஒன்றல்ல.

ஆனால் மோதியினில் அன்றாடப் பேச்சு பெரும்பாலும் ஹீப்ருவில்தான், பள்ளிக் கூட்டமும் அதில்தான் நடக்கும். ஐந்து வயதுக் குழந்தை ஒரு வருடத்தில் அதைப் பிடித்துக்கொள்ளும். பதின்மூன்று வயதுப் பையனுக்கு அது நரகம். கணக்கில் புலியாக இருந்தவன் கேள்வியே புரியாமல் கடைசி வரிசையில் உட்காருவான். ஆகவே பெரிய பிள்ளைகள் இருந்தால், ஆங்கிலக் கூட்டம் உள்ள பெய்ட் ஷெமெஷின் அலெஃப் பிரிவோ ரானானாவோதான் சரி.

இப்படி உட்கார்ந்து ஒப்பிடும் வசதி எல்லோருக்கும் கிடைத்ததில்லை. நம் பக்கத்துக் கொச்சி யூதர்கள் 1950களில் போனபோது, அதிகாரிகள் அவர்களை நெகெவ் பாலைவனத்தில் நெவாட்டிம் போன்ற விவசாயக் குடியிருப்புகளில் கொண்டுபோய் இறக்கினார்கள். கடற்கரை வியாபாரிகளின் பிள்ளைகள் அங்கே மண்ணைக் கொத்தக் கற்றுக்கொண்டார்கள். தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உள்ளவர்கள் அதை அவசரத்தில் வீணாக்கக் கூடாது என்று நான் சொல்வது அதனால்தான்.

முதல் வருடம் வாடகைக்கு இருங்கள். அதற்கு முன் ஒரு சபாத் முழுக்க அந்தத் தெருவிலேயே தங்குங்கள். ஆண்களிடம் ஜெப ஆலயத்தைப் பற்றிக் கேட்பதோடு நிறுத்தாமல், பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிவரும் தாய்மார்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: புதிதாக வந்த பிள்ளைக்குப் பள்ளி வாரத்துக்கு எத்தனை மணிநேரம் தனியாக ஹீப்ரு சொல்லிக்கொடுக்கிறது, போன வருடம் இங்கிருந்து காலிசெய்து போனவர்கள் ஏன் போனார்கள்.