ஐம்பதுக்குப் பிறகு ஆங்கில ஆசிரியர்: பி.எட்.டா, செல்ட்டாவா?

கும்பகோணம் பக்கம் பள்ளியில்தான் வேலை பார்க்க வேண்டும் என்றால் பேச்சே இல்லை, பி.எட்.தான். இரண்டு ஆண்டுப் படிப்பு, தினமும் கல்லூரி. அரசுப் பணி என்றால் தகுதித் தேர்வும் வயது வரம்பும் வேறு குறுக்கே நிற்கும்.

செல்ட்டா (CELTA) வேறு மாதிரி. பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்க கேம்பிரிட்ஜ் வழங்கும் சான்றிதழ் அது. முழுநேரமாகப் படித்தால் 4 முதல் 5 வாரம், இணையவழியிலும் உண்டு. வயதுக்கு மேல்வரம்பு கிடையாது. விவசாயம் பார்ப்பவர்கூட சம்பா அறுவடை முடிந்து ஜூனில் மேட்டூர் அணை திறப்பதற்குள் முடித்துவிடலாம்! ஆனால் அந்த வாரங்களில் மூச்சுவிட நேரம் இருக்காது. உண்மையான மாணவர்கள் முன் மொத்தம் 6 மணி நேரம் பாடம் நடத்த வேண்டும். பயிற்றுநர் உட்கார்ந்து பார்ப்பார், அப்புறம் குறைநிறைகளை நேராகச் சொல்வார். நாலு எழுத்துப் பணிகளும் உண்டு. ஐம்பது வயதுக்கு மேல் இன்னொருவர் நம் வேலையைத் திருத்துவது மனசுக்குக் கஷ்டம்தான். ஆனால் கற்பிக்கக் கற்றுக்கொள்வது அங்கேதான். வகுப்பே எடுக்காமல் கிடைக்கும் மலிவான இணையச் சான்றிதழ்களை அதனால்தான் நான் யாருக்கும் சொல்வதில்லை.

செல்ட்டாவுக்குக் கட்டணம் அதிகம், பி.எட்.டுக்கு ஈடாகவும் பள்ளிகள் அதை ஏற்காது. ஆனாலும் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் கிளம்பும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மாலையில் பேச்சு ஆங்கிலம் சொல்லித்தர நினைப்பவருக்கு என் ஓட்டு செல்ட்டாவுக்கே.