அளவு எழுதிக் கையெழுத்து வாங்காமல் பூசிவிடாதீர்கள்

போன வாரம் ஒரு மேஸ்திரி போன் செய்தார். "அண்ணே, நீங்க வேலை பார்த்த கம்பெனியில என்னைப் பூச்சு வேலைக்குக் கூப்பிடுறாங்க, போகலாமா?" அவரிடம் ஒரு மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். வழக்கு நடப்பதால் கம்பெனி பெயரைப் போடவில்லை.

கோவை சரவணம்பட்டி பக்கம் ஒரு அடுக்குமாடி. உள்பூச்சு முழுவதையும் லேபர் ரேட்டில் எடுத்தேன். சிமெண்டும் மணலும் அவர்களுடையது. சதுர அடிக்கு 36 ரூபாய், 38,000 சதுர அடி. ஒர்க் ஆர்டர் ஒரே பக்கம். சனிக்கிழமை தவறாமல் பணம் வந்தது. முதல் மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை. அதனால்தான் அவர்களை முழுதாக நம்பினேன்.

நான்காவது மாடியில் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால், தூணுக்கும் செங்கல் சுவருக்கும் ஒரு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம். சுவர் கட்டியது வேறு ஆட்கள். 12 மில்லி பூச்சில் அது நேராகாது. சைட் இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ரெண்டு கோட் அடிச்சு நேராக்கிடுங்க மேஸ்திரி, எக்ஸ்ட்ரா போட்டுக்கலாம்" என்றார். ரேட் கேட்டதற்கு என் நோட்டை வாங்கி, சதுர அடிக்கு 14 ரூபாய் என்று பென்சிலில் எழுதினார். கையெழுத்து கேட்டேன். "என்னை நம்ப மாட்டீங்களா?" என்றார். தம்பி மாதிரி பழகிய பையன். சரி என்று விட்டுவிட்டேன்.

தூணும் சுவரும் சேரும் இடமெல்லாம் கோழி வலை அடித்தோம். முதல் கோட் போட்டுக் கீறிவிட்டு, மறுநாள் இரண்டாவது கோட் இழுத்தோம். அப்படி 9,000 சதுர அடி. பூச்சு வேலையில் இதுதான் கொடுமை. மட்டக்கட்டை போட்டு இழுத்து முடித்தபின், உள்ளே இருப்பது ஒரு கோட்டா இரண்டு கோட்டா என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. வேலை எவ்வளவு சுத்தமோ, அவ்வளவுக்கு அதன் தடயமும் மறைந்துபோகும்.

மொத்தம் 14,94,000 ரூபாய் ஆனது. அதில் கைக்கு வந்தது 8,60,000. பைனல் பில்லோடு போனால், "எக்ஸ்ட்ராவுக்குப் பேப்பர் எங்கே?" என்கிறார்கள். அந்த இன்ஜினியர் அதற்குள் வேலையை விட்டுப் போயிருந்தார். மீதிக்கு, "ஓனர் எங்களுக்கே தரவில்லை, வந்ததும் தருகிறோம்" என்றார்கள். ஓனர் தந்தால்தான் எனக்கு என்று ஒர்க் ஆர்டரில் ஒரு வரிகூட இல்லை. இதற்கிடையில் ஜிஎஸ்டி பில் போட்டால்தான் பைல் நகரும் என்றார்கள். பாக்கி 6,34,000-க்கும் பில் போட்டேன். 18 சதவீதம், 1,14,120 ரூபாய் வரியைக் கைக்காசிலிருந்து கட்டினேன், வராத பணத்துக்கு! 13 ஆட்களுக்குக் கடைசி இரண்டு வாரக் கூலியை என் மனைவியின் செயினை அடகு வைத்துத்தான் கொடுத்தேன். அவர்கள் கூலியை நிறுத்தி வைக்க எனக்கு மனசு வரவில்லை.

குறு, சிறு நிறுவனங்களுக்கென்று 2006-இல் வந்த சட்டம் ஒன்று இருக்கிறது. 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடித்தால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. அதற்கான கவுன்சிலில் மனு கொடுக்கலாம் என்று போனேன். முதல் கேள்வியே, "உத்யம் பதிவு எப்போது எடுத்தீர்கள்?" நம்முடையது குறு, சிறு நிறுவனம் என்று அரசிடம் செய்துகொள்ளும் பதிவு அது. வேலை முடிந்த பிறகுதான் எடுத்திருந்தேன். பின்னால் எடுத்த பதிவு முன்னால் செய்த வேலைக்கு உதவாது என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொன்ன தீர்ப்பை வக்கீல் காட்டினார். கட்டட ஒப்பந்தங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்துமா என்பதிலேயே நீதிமன்றங்கள் வேறு வேறு விதமாகத் தீர்ப்பளித்திருக்கின்றன என்றும் சொன்னார். ஆனாலும் உத்யம் எடுக்காமல் இருக்காதீர்கள். அரசு இணையதளத்தில் ஆதாரும் பான் எண்ணும் கொடுத்தால் போதும், ஒரு பைசா செலவில்லை. காசு கேட்கிற ஏஜெண்ட் யாரும் தேவையே இல்லை.

எனக்குக் கை கொடுத்தது வேறொன்று. நம் பெயரில் யார் எவ்வளவு வரி பிடித்தார்கள் என்று காட்டும் 26ஏஎஸ் படிவத்தை வருமான வரித் தளத்தில் எடுத்துவரச் சொன்னார் வக்கீல். அதில் என் பான் எண்ணில் 5,08,000 ரூபாய் வரவு, 5,080 டிடிஎஸ், அதாவது பணம் தருகிறவர் முன்கூட்டியே பிடிக்கும் வரி. எக்ஸ்ட்ராவைத் தவிர்த்த என் பாக்கி ரூபாய் சுத்தமாக அதேதான்! பணம் இல்லை என்று என்னிடம் கைவிரித்தவர்கள், தங்கள் கணக்கில் எனக்குத் தரவேண்டிய பணமாக எழுதி வரியும் பிடித்திருக்கிறார்கள். அதை வைத்து நோட்டீஸ் அனுப்பினோம். பதில் இல்லை. 3 லட்சத்துக்கு மேல் என்பதால் வணிக நீதிமன்றம். அங்கே வழக்குப் போடும் முன் சமரசத்துக்குப் போகவேண்டும். அதற்கும் அவர்கள் வரவில்லை. இப்போது வழக்கு நடக்கிறது. எக்ஸ்ட்ரா வேலைக்கு என்னிடம் இருப்பது முதல் கோட் காயும்போது போனில் எடுத்த மூன்று போட்டோக்களும் அந்தப் பென்சில் எழுத்தும்தான். ஒவ்வொரு அறையிலும் டேப் வைத்து ஒரு போட்டோ எடுத்து அன்றைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் 1,26,000 ரூபாய்க்கு இவ்வளவு திண்டாடியிருக்க மாட்டேன்.

அந்த மேஸ்திரியிடம், எக்ஸ்ட்ரா வேலைக்கு ரேட், அளவில் யார் கையெழுத்துப் போடுவார், எத்தனை நாளில் பணம் என்ற மூன்றையும் ஒர்க் ஆர்டரில் எழுதித் தரச் சொல்லிக் கேட்கச் சொன்னேன். கேட்டிருக்கிறார். "அந்த வழக்கமெல்லாம் இங்கே இல்லை" என்றார்களாம். அவர் போகவில்லை.

என்னைப் போலப் பணம் நிற்கிறவர்கள் இன்றைக்கே 26ஏஎஸ் எடுத்துப் பாருங்கள். அப்புறம் ஒரு வக்கீலைப் பாருங்கள். வழக்குப் போட பொதுவாக மூன்று வருடம்தான் கெடு.