இறக்கியதும் அறுப்பதா, இரவு முழுக்க நிறுத்தி வைப்பதா?

லாரியிலிருந்து இறக்கிய பன்றியை மூச்சிரைக்க மூச்சிரைக்க அப்படியே அறுப்புக்கூடத்துக்குள் ஓட்டினால், தசையில் லாக்டிக் அமிலம் மளமளவென்று சேர்ந்து, உடல் சூடு தணியும் முன்பே, அறுத்த 45 நிமிடத்துக்குள் பிஎச் (அமிலம் ஏற ஏறக் குறையும் அளவு) 6-க்குக் கீழே இறங்கிவிடலாம். புரதம் சிதைந்து வெளுத்துப்போன அந்தத் தொளதொள கறியைத் தட்டில் வைத்தால் அடியில் தண்ணீர் தேங்கி நிற்கும்.

சரி, இரவு முழுக்க நிறுத்தி வைத்தால்? அதுவும் தலைவலிதான். பழக்கமில்லாத பன்றிகள் கடித்துச் சண்டை போட, பட்டினியும் சேர, தசையில் இருக்கும் கிளைகோஜன், அதாவது அமிலமாக மாறவேண்டிய சேமிப்புச் சர்க்கரை, தீர்ந்துவிடும். அப்புறம் அமிலம் எங்கிருந்து வரும்? பிஎச் இறங்காமல் 6-க்கு மேலேயே நிற்க, கறி கறுத்துப் பிசுபிசுக்கும், சீக்கிரம் கெடும். தோலில் கீறல் வேறு.

என் ஓட்டு நடுவில்: கூட்டத்தைக் கலைக்காமல், தண்ணீர் காட்டி, 2-3 மணி நேரம் படுக்க விடுங்கள். கடைசி நிமிடத்தில் மின்கோலால் குத்திக் கத்த வைத்தால் அந்த ஓய்வும் வீண்.