புளூட்டோ பிடிபட்ட குன்று: லோவெல் வானாய்வகம்

கிராண்ட் கேன்யன் பார்க்கப் போகிறவர்கள் பலர் அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் ஊரில் தூங்கி எழுந்து கிளம்பிவிடுகிறார்கள். அங்கே ஒரு மாலையை லோவெல் வானாய்வகத்துக்கு ஒதுக்குங்கள், கட்டாயம் சொல்கிறேன்.

என்னைக் கட்டிப்போட்டது புளூட்டோவைக் கண்டுபிடித்த 13 அங்குலத் தொலைநோக்கி. கண்ணால் பார்க்க அல்ல, படமெடுக்கவே செய்த கருவி. கான்சாஸ் பண்ணையிலிருந்து வந்த கிளைட் டோம்பா, 1930 ஜனவரிக் குளிரில், இந்தத் தொலைநோக்கி இருக்கும் சூடேற்றாத கூண்டுக்குள் உட்கார்ந்து, குறிவைத்த ஒரு நட்சத்திரம் (வழிகாட்டி நட்சத்திரம்) விலகாமல் பார்த்துக்கொண்டே கண்ணாடித் தகடுகளில் படம் பிடித்தார். கல்லூரிப் பட்டம்கூட அப்போது அவரிடம் இல்லை! ஜனவரி 23, 29 தேதிகளில் எடுத்த படங்களை மாற்றி மாற்றிப் பார்த்தபோது, பிப்ரவரி 18 அன்று ஒரு புள்ளி மட்டும் இடம் மாறியிருந்தது; அதுதான் புளூட்டோ. தகட்டில் சுமார் மூன்றரை மில்லிமீட்டர், அவ்வளவுதான். அம்புக்குறி போட்ட அந்தப் படங்களை நிதானமாகப் பாருங்கள். அம்புக்குறி இல்லாவிட்டால் நமக்கு ஒன்றும் தெரியாது. சுற்றிலும் ஆயிரக்கணக்கான நட்சத்திரங்கள், எல்லாம் ஒரே மாதிரி.

புளூட்டோ கோளா, குறுங்கோளா என்ற சண்டை எனக்கு முக்கியமில்லை. 2,377 கிலோமீட்டர் அகலமுள்ள அந்தப் பனி உருண்டையை ஒரு மனிதர் பொறுமையால் பிடித்த இடம் இது.

அப்புறம், 1896-ஆம் ஆண்டின் கிளார்க் தொலைநோக்கியையும் விடாதீர்கள். ஊர் சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது, கோடையிலும் இரவில் ஸ்வெட்டர் வேண்டும். மேகம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.