ராமநகராவில் இரண்டு நாள்: பிள்ளைகளின் பாறை ஏறும் முகாம்

பெங்களூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கிளைம்பிங் ஜிம்மில் பிள்ளைகளுக்கென்று ஒரு கிளப் உண்டு. அவர்கள் நடத்தும் வார இறுதி முகாமுக்கு இந்த ஜனவரியில் 12 வயது மகளை அனுப்பினேன். பெற்றோரில் ஒருவர் உடன் வரலாம் என்றார்கள், நானும் போனேன்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை காலை 6 மணிக்குக் கிளம்ப வேண்டிய வேன் 7.30-க்குத்தான் வந்தது, அப்புறம் பிடதியில் தட்டே இட்லிக்காக இறங்கி முக்கால் மணி நேரம். ராமநகரா 50 கிலோமீட்டர்தான், இருந்தும் பாறையில் கயிறு கட்டி முடிக்க 10.30 ஆகிவிட்டது. கருங்கல் வெயிலில் காய்ந்துவிட்டால் விரல் வியர்த்து வழுக்கும், கையில் எவ்வளவு சாக் பவுடர் தடவினாலும் பிடி நிற்காது. பிள்ளைகள் நன்றாக ஏறக்கூடிய நேரத்தை இட்லிக் கடையில் தொலைத்தது எனக்கு இன்னமும் ஆறவில்லை. வாடகை ஷூவும் சின்ன அளவில் போதவில்லை, இரண்டு பேர் ஒரே ஜோடியை மாற்றி மாற்றிப் போட்டார்கள்.

ஆனால் பாதுகாப்பைச் சொல்லிக்கொடுத்த விதம் அருமை. ஏறுகிறவரும் கீழே நின்று பிலே செய்கிறவரும் (அதாவது அவர் விழாமல் கயிற்றைப் பிடித்துக்கொள்கிறவரும்) ஒருவரையொருவர் சோதித்த பிறகுதான் பாறையைத் தொடலாம்: ஹார்னஸ் (இடுப்பில் கட்டும் பட்டை) பக்கிள், கயிற்றில் போடும் எட்டு வடிவ முடிச்சு, காரபினர் (கயிற்றை மாட்டும் உலோக வளையம்) பூட்டு, ஹெல்மெட் வார். கண்ணால் பார்த்தால் போதாது, கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். பிள்ளைக்குப் பிள்ளையே பிலே செய்தது, கயிற்றின் வால் பக்கத்தை ஒரு பயிற்சியாளர் பிடித்திருந்தார். எல்லாமே டாப் ரோப், கயிறு மேலிருந்து வருவதால் கை நழுவினாலும் கொஞ்சம்தான் இறங்குவார்கள். கயிறு கட்டும் முன்பே பைனாகுலரில் பாறை முழுக்கத் தேன்கூடு தேடினார்கள், ஒரு இடத்தில் மலைத்தேனீக் கூடு தெரிந்ததும் அந்தப் பக்கமே வேண்டாம் என்று நகர்ந்துவிட்டார்கள். ராமதேவர பெட்டா மலை 2012 முதல் பாறு கழுகு சரணாலயம் என்பதால் அங்கே போகவில்லை, ஏன் போகவில்லை என்று பிள்ளைகளுக்கும் விளக்கினார்கள்.

மகள் சனிக்கிழமை பாதி உயரத்தில் மாட்டிக்கொண்டாள். கால் நடுங்க ஆரம்பித்துவிட்டது. கீழே நின்ற பெற்றோர் சிலர் "போ, போ, இன்னும் கொஞ்சம்தான்" என்று கத்த, பயிற்சியாளர் திரும்பி அவர்களை அமைதியாக இருக்கச் சொன்னார். அவளிடம் ஒரே ஒரு முறை, "கயிற்றில் உட்கார்ந்து ஓய்வெடுக்கிறாயா?" என்று கேட்டார். "வேண்டாம் அண்ணா, இறக்கிவிடுங்கள்" என்றாள். உடனே இறக்கிவிட்டார். எதுவும் சொல்லவில்லை, சமாதானம்கூடச் செய்யவில்லை, ஷூவைக் கழற்றித் தண்ணீர் குடிக்கச் சொன்னார், அவ்வளவுதான். எனக்கு அந்த இடம்தான் மிகவும் பிடித்தது.

இரவு கூடாரத்தில் தங்கினோம். ராகி முத்தே (களி), சொப்பு சாரு (கீரைக் குழம்பு), நல்ல சாப்பாடு. கழிப்பறை மொத்தம் இரண்டுதான், பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று அவசியம் வேண்டும்.

ஞாயிறு காலை 6.30-க்கே பாறையடியில் இருந்தோம், கல் சில்லென்று இருந்தது. மகள் தானாகவே நேற்றைய அதே வழியைக் கேட்டு வாங்கி ஏறினாள். உச்சியைத் தொடவில்லை, நேற்று நின்ற இடத்துக்கு மேலே இரண்டு பிடி போய்விட்டு, தானே "இறக்குங்கள்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

அடுத்த முறையும் அனுப்புவேன். நீங்கள் அனுப்புவதாக இருந்தால் ஷூ அளவை முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், முடிந்தால் வேனை விட்டுவிட்டு சொந்த வண்டியில் 7 மணிக்குள் போய்ச் சேருங்கள்.